நீலகிரிக்கு வருவோரும் இங்கு வாழ்வோரும் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரிக்கு அருகே ஒன்றரை ஏக்கர் தேயிலையும், விருந்தினர் தங்குவதற்கென்று இரண்டு அறைகளும் எங்கள் குடும்பத்துக்கு உண்டு. அறை கேட்டு அழைப்பவர்களும், ஊரில் காய்கறி பயிரிடும் உறவினர்களும், குன்னூர் கடைவீதி வணிகர்களும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

ஊட்டியில் எங்கே பார்த்தாலும் பச்சையாகத்தானே இருக்கிறது, அப்புறம் என்ன சுற்றுச்சூழல் பிரச்சினை?

கண்ணுக்குத் தெரியும் பச்சையில் பெரும்பகுதி இந்த மலைக்குச் சொந்தமானதில்லை. தேயிலை, யூகலிப்டஸ், வாட்டில், பைன் ஆகியவை ஆங்கிலேயர் மலையேறிய பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை. அவற்றுக்கு முன்பு மலையின் மேல்பகுதி முழுவதும் புல்வெளியாகவும், இரண்டு சரிவுகள் கூடும் மடிப்புகளில் மட்டும் குட்டையான, அடர்ந்த சோலைக்காடாகவும் இருந்தது. பெய்யும் மழையைப் புல்வெளியும் சோலையின் கரிய மண்ணும் உள்வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும் என்பதால்தான் கோடையிலும் ஓடைகளில் நீர் ஓடியது.

யூகலிப்டஸ் இந்த ஏற்பாட்டை எப்படிக் குலைக்கிறது என்பது அளந்து அறியப்பட்ட செய்தி. உதகையிலுள்ள மண், நீர்வள ஆராய்ச்சி மையம் கிளன்மார்கன் பகுதியில் அருகருகே இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் யூகலிப்டஸ் நட்டுப் பல ஆண்டுகள் நீரோட்டத்தை அளந்தது. மரம் நட்ட பகுதியில் முதல் பத்தாண்டுகளிலேயே ஓடைநீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. மரங்களை வெட்டி அவை மறுபடி தழைத்தபோது இழப்பு இன்னும் கூடியது.

மலையில் தண்ணீர் குறைந்தால் கீழே சமவெளியில் இருக்கும் எங்களுக்கு என்ன?

நீலகிரியின் தெற்குச் சரிவில் விழும் மழை பவானியாகவும், வடக்குச் சரிவில் விழுவது மாயாறாகவும் இறங்கி, இரண்டும் பவானிசாகர் அணையில் கூடுகின்றன. 1955இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் கீழ்பவானிப் பாசனத்தில் மட்டும் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் நிலம் இருக்கிறது. கோயம்புத்தூர் குடிக்கும் நீரில் ஒரு பங்கு பவானியின் குறுக்கேயுள்ள பில்லூர் அணையிலிருந்து செல்கிறது. ஈரோட்டு மஞ்சளுக்குப் பாயும் நீரும் கோவையில் ஒரு வீட்டுக் குழாயில் வரும் நீரும் எங்கள் சோலைகளுக்குள் ஊறியவைதான்.

நீரோடு சேர்ந்து மற்றவையும் இறங்குகின்றன. மேலே ஓடையில் எறியப்படும் பிளாஸ்டிக்கும், தோட்டத்தில் அடிக்கப்படும் களைக்கொல்லியும், அரித்துப்போன மேல்மண்ணும் அதே வழியில்தான் போகும். கீழே வரும் பதில்களில் ‘சரிவு’ என்ற சொல் அடிக்கடி வருவதற்கு இதுவே காரணம்.

இ-பாஸ் என்பது என்ன? அது இல்லாமல் மேலே வர முடியாதா?

கோடைப் பருவத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 ஆயிரம் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்ற அரசுத் தரப்புக் கணக்கைப் பார்த்த சென்னை உயர் நீதிமன்றம், 2024 ஏப்ரல் 29 அன்று ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ், அதாவது வருவதற்கு முன் இணையத்தில் பதிவு செய்து பெறும் நுழைவு அனுமதி முறையைக் கொண்டுவர உத்தரவிட்டது. மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முதலில் எண்ணிக்கை வரம்பு கிடையாது; யார், எத்தனை பேர், எந்த வண்டியில் வருகிறார்கள் என்பதைப் பதிவு செய்வதே நோக்கம். 2025 மார்ச்சில் நீதிமன்றம் அடுத்த படியை எடுத்து, ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாள்களில் 6 ஆயிரம் வண்டிகளும் வார இறுதியில் 8 ஆயிரம் வண்டிகளும் மட்டுமே அனுமதிக்கப்பட வேண்டும் என்றது. கொடைக்கானலுக்கு அது முறையே 4 ஆயிரம், 6 ஆயிரம்.

உள்ளூர் வண்டிகளுக்கும், விளைபொருள் ஏற்றும் சரக்கு வண்டிகளுக்கும், அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இந்த வரம்பு பொருந்தாது. விதிகள் பருவத்துக்குப் பருவம் மாற்றப்படுகின்றன. ஆகவே புறப்படுவதற்கு முந்தைய வாரம் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு அறையைப் பதிவு செய்யுங்கள். அறைக்குப் பணம் கட்டிவிட்டு, இ-பாஸ் கிடைக்காமல் எங்களை அழைத்து வருந்துபவர்கள் ஒவ்வொரு மே மாதமும் இருக்கிறார்கள்.

பேருந்தில் வந்தால் மட்டும் வரம்பு இல்லையாமே, ஏன் அந்தச் சலுகை?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 6 ஆயிரம் கார்களில் காருக்கு நான்கு பேர் வந்தால் 24 ஆயிரம் பேர். அதே 24 ஆயிரம் பேரை, பேருந்துக்கு 50 பேர் என்று ஏற்றினால் 480 பேருந்துகள் போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒரு வளைவில் ஒரு கார் திணறி நின்றால் பின்னால் வருபவை அனைத்தும் முதல் கியரில் புகைவிட்டுக்கொண்டு நிற்கும். அந்த வரிசையில் ஆம்புலன்ஸும் பள்ளிப் பிள்ளைகளின் பேருந்தும் சிக்கிக்கொள்வதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம்.

‘பேருந்தில் வந்தால் மேலே எப்படிச் சுற்றிப் பார்ப்பது?’ என்பது அடுத்த கேள்வியாக வரும். பருவ காலத்தில் ஊட்டியில் போக்குவரத்துக் கழகம் சுற்றுப் பேருந்துகளை இயக்குகிறது. மற்ற நாள்களில் உள்ளூர்ப் பேருந்துகள், பகிர்ந்து செல்லும் ஜீப்புகள், வாடகைக் கார்கள் உண்டு. உள்ளூர் ஓட்டுநருக்குப் பாதையும் தெரியும், உங்கள் பணம் மலையிலேயே தங்கவும் செய்யும்.

மலை ரயிலில் வருவதுதான் சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

நேர்மையாகச் சொன்னால், புகை குறைவு என்பதற்காக அதில் ஏறவேண்டிய தேவையில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி இயந்திரமும், அதற்கு மேல் டீசல் இயந்திரமும் இழுக்கும் அந்த ரயிலில் இருக்கைகள் மிகக் குறைவு. ஊருக்கு வரும் கூட்டத்தில் சிறு துளியைக்கூட அது ஏற்ற முடியாது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் அமைக்கப்பட்ட, 208 வளைவுகளும் 16 குகைகளும் கொண்ட 46 கிலோமீட்டர் பாதை என்பதற்காகவும், 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற ஒன்று என்பதற்காகவும் ஏறுங்கள். இடம் கிடைக்காவிட்டால் பேருந்துதான் சரியான மாற்று.

மின்சாரக் கார் மலையேறுமா? பாதி வழியில் நின்றுவிடாதா?

ஏறும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,700 கிலோ எடையுள்ள காரை அந்த 1,900 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரம் வேண்டும். சமதரையில் அதே தொலைவு ஓடுவதற்கான செலவு தனி. ஆகவே மின்கலத்தில் பாதிக்கு மேல் இருப்பு வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்தை விட்டுக் கிளம்புவது நல்லது. இறங்கும்போது மோட்டாரே பிரேக் போல இழுத்துப் பிடித்து, ஏற்றத்தில் செலவானதில் கணிசமான பங்கை மின்கலத்துக்குத் திருப்பித் தரும். ஊட்டியிலேயே முழுமையாகச் சார்ஜ் செய்துகொண்டு இறங்கத் தொடங்கினால், திரும்பும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள மின்கலத்தில் இடம் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

புகை இல்லை என்றாலும், வளைவில் அது அடைக்கும் இடம் மற்றக் கார் அடைக்கும் இடம்தான். பேருந்தைப் பற்றி மேலே சொன்ன கணக்கு மின்சாரக் காருக்கும் மாறாது.

தண்ணீர் பாட்டில்கூடக் கொண்டுவரக் கூடாதா? குழந்தைகளுக்கு என்ன கொடுப்பது?

எவர்சில்வர் பாட்டிலோ செம்பு பாட்டிலோ கொண்டுவாருங்கள். ஒருமுறை குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத்தான் இங்கே தடை. சோதனைச் சாவடியில் அதைப் பிடுங்கிவிடுவார்கள், அபராதமும் உண்டு. மாவட்டச் சாலைகளிலும் சுற்றுலா இடங்களிலும் காசு போட்டால் நீர் தரும் குடிநீர் ஏடிஎம்கள் இருக்கின்றன. எல்லா இயந்திரங்களும் எல்லா நாளும் வேலை செய்வதில்லை என்பது எங்கள் மனக்குறை. ஆகவே விடுதியிலிருந்து கிளம்பும்போதே நிரப்பிக்கொள்வது பாதுகாப்பு.

தமிழ்நாடு முழுவதும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கான தடை 2019 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. நீலகிரி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2000ஆம் ஆண்டையொட்டி, மாவட்ட ஆட்சியராக இருந்த சுப்ரியா சாஹு காலத்தில் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிரான பணியைத் தொடங்கிவிட்டது. 2021 டிசம்பர் 23 அன்று மாநில அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை எங்கள் ஊர்ப் பாட்டிகள் புதுமையாகவே பார்க்கவில்லை, அவர்கள் கையிலிருந்து அந்தப் பை இறங்கியதே இல்லை.

காகிதக் கோப்பை, மட்கும் பை என்றால் பரவாயில்லைதானே?

காகிதக் கோப்பைக்குள் சூடான தேநீர் ஊறாமல் நிற்பதற்குக் காரணம் உட்புறம் பூசப்பட்ட பிளாஸ்டிக் படலம். மேலே சொன்ன 14 வகைகளில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் தட்டும் அடங்கும் என்பதைக் கடைக்காரர்களே பலர் அறிந்திருக்கவில்லை. கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

மட்கும் பை என்று விற்கப்படுபவற்றில் உண்மையாகவே மட்கும் தரம் பெற்றவையும் உண்டு. ஆனால் அந்தத் தரச் சோதனை, 60 டிகிரியை ஒட்டிய வெப்பம் நிலைக்கும் பெரிய உர ஆலைகளின் சூழலை வைத்து நடத்தப்படுவது. இரவில் நடுங்கவைக்கும் குளிரில், ஓடையோரத்தில் கிடக்கும் பை அப்படி மட்காது. காட்டெருமை தின்றால் அதன் வயிற்றிலும் மட்காது.

சரக்கு பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்களே, அது நியாயமா?

காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் உங்களுக்கே திரும்பும். காட்டோரத்தில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானையின் பாதத்தைக் கிழிக்கிறது. காலில் சீழ் பிடித்த யானை நடக்க முடியாமல் மெலிந்து சாகும். உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதால் 2022 மே மாதம் இந்தத் திட்டம் டாஸ்மாக் கடைகளில் முதலில் தொடங்கப்பட்ட மாவட்டம் நீலகிரி. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் சென்றது. நீங்கள் திருப்பிக் கொடுக்காமல் விட்ட பாட்டிலையும் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு வாங்குபவர்கள் உண்டு என்பதால் காட்டோரம் சுத்தமாகிறது. இந்த மலையில் நான் பார்த்த விதிகளில் மிகக் குறைந்த பேச்சில் மிகுந்த பலன் தந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஊட்டி கேரட், இயற்கை விவசாயத்தில் விளைந்தது என்று எழுதி விற்கிறார்கள். நம்பலாமா?

எழுதியிருப்பதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். சான்று இரண்டு வகை. மூன்றாம் தரப்பு நிறுவனம் ஆய்வு செய்து தரும் தேசியச் சான்று ஒன்று. அதில் கேரட் போன்ற ஓராண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டுகளும், தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மூன்று ஆண்டுகளும் நிலம் ரசாயனமின்றி இருந்திருக்க வேண்டும். மற்றொன்று உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சோதிக்கும் பங்கேற்புச் சான்று. செலவு மிகக் குறைவு என்பதால் சிறு உழவருக்கு அதுவே ஏற்றது. பொட்டலத்தில் ‘ஜைவிக் பாரத்’ போன்ற அரசின் இயற்கை விளைபொருள் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உழவரிடம் நேரே வாங்குவதானால் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று கேளுங்கள். உண்மையாகச் செய்பவர் கேட்காமலே பத்து நிமிடம் பேசுவார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரசாயனம் இல்லாமல் விளைந்த கேரட்டும் மண்ணை அரித்துக்கொண்டு விளைந்திருக்கலாம்.

அது எப்படி? சரிவில் படிக்கட்டு வயல் போட்டால் மண் அரிக்காது என்றுதானே சொல்கிறார்கள்?

படிக்கட்டு எப்படி வெட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. 1954 முதல் உதகையில் இயங்கும் மண், நீர்வள ஆராய்ச்சி மையம் இந்த மலைக்குப் பரிந்துரைத்தது உட்சரிவுப் படிவயல். ஒவ்வொரு படியும் மலையின் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும். மழைநீர் விளிம்பைத் தாண்டிக் கொட்டாமல் உள்பக்கத்து வாய்க்காலுக்கு வந்து, அங்கிருந்து கல் பாவிய வடிகால் வழியே கீழே இறங்கும். படியின் முகத்தில் புல் வளர்த்திருக்க வேண்டும். உருளைக்கிழங்குக்குப் பாத்தி பிடிப்பதும் சரிவுக்குக் குறுக்காக இருக்க வேண்டும்.

நடப்பில் பல இடங்களில் பாத்திகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. கிழங்கும் கேரட்டும் நீர் தேங்கினால் அழுகும் என்ற அச்சம் ஒரு காரணம். அந்த அச்சம் பொய்யில்லை. குத்தகை மற்றொரு காரணம். இரண்டு ஆண்டுக் குத்தகையில் நிலம் எடுத்தவர், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு பலன் தரும் கல் வடிகாலுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்? நில உரிமையாளர் அந்தச் செலவில் பங்கேற்றால்தான் இது மாறும். எங்கள் உறவுக்குள்ளேயே இதைப் பேசி, ஒரு குத்தகையை ஐந்தாண்டாக நீட்டிய பிறகுதான் அந்த நிலத்துக்கு வடிகால் வந்தது.

மழை இப்போது பெய்யும் விதம் இந்த வேலையை அவசரமாக்கியிருக்கிறது. 2009 நவம்பரில் சில நாள் பெய்த பெருமழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 43 பேர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 91 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்படிப்பட்ட நாளில், வடிகால் அடைத்துக் கட்டிய வீடும், வேர் இல்லாத வெற்றுச் சரிவும்தான் முதலில் போகும். படிவயல் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். நீர் இறங்க வழி விட்டிருக்கும் சரிவு தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம்.

நீங்களே தேயிலை விவசாயிதானே அண்ணா, உங்கள் தோட்டத்தில் மருந்து அடிப்பதில்லையா?

பல ஆண்டுகள் களைக்கொல்லி அடித்தேன். களை பறிக்க ஆள் கூலி கொடுத்தால் பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் மிச்சம் நிற்காது என்பதே காரணம். தோட்டத்துக்குக் கீழே இருக்கும் ஊற்றில்தான் பக்கத்துக் குடியிருப்பு நீர் எடுக்கிறது என்பதைத் தெரிந்தே அடித்தேன் என்பதை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இப்போது கவாத்து செய்த கிளைகளைச் செடிகளுக்கு இடையே பரப்பி மூடாக்கு போடுகிறேன். மிஞ்சும் களையை அரிவாளால் தலையை மட்டும் வெட்டி, வேரை மண்ணைப் பிடிக்க விட்டுவிடுகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் விளைச்சல் குறைந்தது, பிறகு ஓரளவு மீண்டது, பழைய அளவை எட்டவில்லை.

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரை கிலோ வரை பச்சை இலை வேண்டும். நுகர்வோர் தூளுக்குக் கூடுதலாகத் தரும் விலை, ஆலையையும் ஏலத்தையும் தாண்டி இலை பறிப்பவர்வரை வந்து சேர்வது அரிது. நிலையான சாகுபடிக்கான ‘டிரஸ்டீ’ போன்ற சான்றுகளைப் பெற ஆலைகள் விவசாயிகளுக்குப் பயிற்சி தருகின்றன, பயிற்சி பயனுள்ளது. ஆனால் இலைக்குக் கூடுதல் விலை தராமல் விதிகளை மட்டும் கூட்டினால், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் தோட்டத்தை விற்றுவிடுவார், அங்கே கட்டடம் எழும். தேயிலைக்குக் குறை சொல்லலாம். அதன் இடத்தில் வரும் கான்கிரீட்டோடு ஒப்பிட்டால், பல்லாண்டு வேர் கொண்ட தேயிலைச் செடி மண்ணைப் பிடித்து நிற்கிறது.

காட்டுக்குள் இருக்கும் ரிசார்ட்டில் தங்கினால்தானே இயற்கையை அனுபவிக்க முடியும்?

மசினகுடியை ஒட்டிய சீகூர்ப் பகுதி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் வந்துபோகும் குறுகிய வழி. ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்துச் சரிவு, மறுபக்கம் மாயாற்றின் பள்ளத்தாக்கு. யானைக்கு வேறு பாதை இல்லை. அதை யானை வழித்தடமாகத் தமிழ்நாடு அரசு 2010இல் அறிவித்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இலும், உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்றும் உறுதி செய்தன. அந்த வழித்தடத்தில் மின்வேலி போட்டுக் கட்டிய விடுதியில் தங்குவது, யானையின் வாசலில் கட்டில் போட்டுப் படுப்பதற்கு ஒப்பானது. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பகுதிக்கு வந்த காட்டு யானையின் மீது எரியும் பொருளை எறிந்தார்கள். காது கருகி, புண் அழுகி அது இறந்தது. அந்தக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு நான் மேலும் சொல்ல வேண்டியதில்லை.

பதிவு செய்வதற்கு முன் விடுதிக்கு உரிமம் உண்டா, இரவில் வண்டியில் விலங்கு காட்டுவதாகச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். இரவுச் சவாரி சட்டப்படி கிடையாது. அதை விற்பவர் மற்ற விதிகளையும் மதிக்கமாட்டார். விலங்கு பார்க்க முதுமலையில் வனத்துறையே பகலில் வாகனம் இயக்குகிறது.

அந்த வழியாக இரவில் வண்டி விடாமல் இருப்பது பயணிகளுக்குத் தொல்லைதானே?

தொல்லைதான், மைசூரிலிருந்து வருபவர்கள் நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டியிருக்கிறது. பந்திப்பூர், முதுமலைக் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை 2009 முதல் இருந்துவருகிறது. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசி நின்றுவிடும் மானும் சிறுத்தையும் அடிபட்டுச் சாவதைத் தடுக்க வேறு வழி எதுவும் இவ்வளவு பயன் தரவில்லை.

சின்ன ஹோட்டல் நடத்துகிறேன். செலவு கூடாமல் என்ன செய்யலாம்?

சாப்பாட்டுக் கழிவிலிருந்து தொடங்குங்கள். குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் கரடியும் காட்டெருமையும் காட்டுப்பன்றியும் ஊருக்குள் வருவதற்கு, மூடியில்லாத குப்பைத் தொட்டி பெரிய காரணம். பூட்டும் மூடியும், உணவுக் கழிவைத் தனியே பிரிப்பதும் பெரிய செலவு இல்லை. கரடி உடைத்த கதவைச் சரிசெய்யும் செலவு அதைவிட அதிகம். குளிரில் மட்குவதற்கு நாள் பிடிக்கும் என்பதால் உரக் குழியை வெயில் படும் இடத்தில், கூரை போட்டு அமைக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். குன்னூரின் ரேலியா அணை கோடையில் வற்றும்போது எல்லோரும் லாரி நீருக்குத்தான் ஓடுகிறோம். கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்துவது, நாள்தோறும் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டுமா என்று விருந்தினரைக் கேட்பது ஆகிய இரண்டும் எங்கள் வீட்டில் லாரிச் செலவைக் கண்கூடாகக் குறைத்தன. வெந்நீருக்குச் சூரிய ஒளிச் சூடேற்றி வைத்தால், மூடுபனி மாதங்களுக்கு மாற்று ஏற்பாடும் வேண்டும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார். விருந்தினர் கேட்கிறார்கள் என்று தினமும் விறகு மூட்டிக் குளிர்காய வைக்காதீர்கள்; கம்பளி ஒன்று கூடுதலாகக் கொடுங்கள்.

இப்படிக் கட்டுப்பாட்டுக்கு மேல் கட்டுப்பாடு போட்டால் வியாபாரம் படுத்துவிடாதா?

இந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2025 ஏப்ரல் 2 அன்று இ-பாஸ் வரம்பை எதிர்த்து மாவட்ட வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். அதில் கலந்துகொண்டவர்களில் பலர் என் நண்பர்கள். வர்க்கி சுடுபவரும், தைலம் விற்பவரும், குதிரை வைத்திருப்பவரும் இரண்டு மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் வாழ்கிறார்கள். வண்டியை எண்ணுகிற விதி, அந்த வண்டியில் வருபவர் எத்தனை நாள் தங்குகிறார் என்பதை எண்ணுவதில்லை என்ற அவர்களது குறை எனக்குச் சரியாகவே படுகிறது.

காலையில் வந்து மாலையில் இறங்கும் கார், பெரும்பாலும் சாப்பாட்டைக்கூடக் கட்டிக்கொண்டு வந்து, குப்பையையும் நெரிசலையும் விட்டுச் செல்கிறது. மூன்று இரவு தங்கும் குடும்பம் அதே சாலையை ஒருமுறைதான் பயன்படுத்துகிறது. பல கடைகளில் செலவு செய்கிறது. நீண்ட நாள் தங்குபவருக்கு இ-பாஸில் முன்னுரிமை, அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேருந்தில் வருபவருக்குத் தாராள அனுமதி, பருவமில்லா மாதங்களுக்குக் கட்டணச் சலுகை என்று விதியைத் திருத்தினால் வணிகமும் நிற்கும், வளைவுகளிலும் வழி கிடைக்கும். வணிகர் சங்கங்கள் வரம்பே வேண்டாம் என்று கேட்பதை விட்டு இதைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. நண்பர்களில் பாதிப்பேர் இதில் என்னோடு உடன்படவில்லை.

காரில் வந்த பாவத்துக்கு ஈடாக அங்கே மரம் நட்டுவிட்டுப் போகலாமா?

நல்ல எண்ணம், ஆனால் தயவுசெய்து நடாதீர்கள். முதல் கேள்விக்கான பதிலில் சொன்னபடி, இந்த மலையின் உச்சிகளுக்குப் புல்வெளியே இயல்பு. வெற்றிடம் என்று எண்ணி அங்கே மரம் வைத்த பழைய பிழையைத்தான் வாட்டிலை வெட்டி, பிடுங்கி, வனத்துறை இப்போது சரிசெய்ய முயல்கிறது. முதுமலைப் பக்கம் உண்ணிச்செடியும், அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட மஞ்சள் கொன்றையும் யானைக்கும் மானுக்கும் வேண்டிய புல்லை மூடிவிட்டன.

ஏதாவது செய்ய விரும்பினால், அயல் மரங்களை அகற்றிச் சோலை நாற்றும் மலைப்புல்லும் வளர்க்கும் உள்ளூர்க் குழுக்களோடு ஒரு நாள் வேலை செய்யலாம். தேனெடுக்கும் குறும்பர், இருளர் குடும்பங்களின் விளைபொருளை அவர்களுக்கு உரிய விலை தரும் கடைகளில் வாங்கலாம். 1993இல் தொடங்கப்பட்டு, கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை இந்த வகைப் பணிக்கு அறியப்பட்டது.

எல்லாம் சரி, எந்த மாதத்தில் வந்தால் மலைக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது?

ஏப்ரல், மே மாதங்களை விட்டுவிடுங்கள். மலர்க் கண்காட்சியைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் வார நாளில், பேருந்தில் வாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கடுமையாக இருக்கும், அப்போதும் கோத்தகிரி ஓரளவு காய்ந்திருக்கும். அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் முறை. குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் மண் சரியும் காலம் அது. பிப்ரவரி, மார்ச்சில் நீர் குறைந்து காட்டுத்தீ அச்சம் தொடங்கும்.

எஞ்சியிருப்பவை செப்டம்பரும், டிசம்பர் முதல் ஜனவரி நடுப்பகுதி வரையிலான வார நாள்களும். செப்டம்பரில் ஓடைகள் நிறைந்து ஓடும், அறை வாடகையும் குறைவு. ஜனவரியில் அதிகாலை ஆறு மணிக்கு எழுந்து வெளியே வந்தால் புல்வெளி முழுவதும் உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். ஸ்வெட்டரும் ஒரு எவர்சில்வர் பாட்டிலும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.